உலோக நாக்கும் தமிழ்ச் செவியும்

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா நகரம் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலை வேரூன்றிய வரலாறு நூறாண்டை எட்டும் நிலையில் இருக்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்தறிந்தார். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். காட்டை அழித்துக் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகளே மிகுதி. அவர்கள் மலையேறியபோது உடன் கொண்டு சென்ற உடைமைகள் சிலவே. மாரியம்மன் வழிபாடும், தாலாட்டும், ஒப்பாரியும், தெம்மாங்கும், பஜனைப் பாட்டும் அவற்றுள் அடங்கும். மலாயாத் தோட்டங்களில் அப்பஜனைக்கு உற்ற துணையாய் அமைந்தது ஆர்மோனியப் பெட்டி.

ஆர்மோனியம் தமிழர் படைத்த கருவி அன்று. அதன் உள்ளே வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ள பித்தளைத் தகடுகள் வேற்று நாட்டார் செவிக்கேற்பச் சுருதி கூட்டப்பட்டவை. லயத்து வீட்டுச் சிறுவன் அப்பெட்டியின் ஒலியைப் பின்பற்றியே பாடப் பழகினான். அவ்வாறாயின் அவன் குரல் எந்த நாட்டு இசையளவைக் கற்றுக்கொண்டது? இவ்வினா ஒரு தோட்டத்தோடு முடிவதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை முதல் பரோடா வரை அறிஞர்களை இருவேறு அணிகளாகப் பிரித்து நிறுத்திய வினா இது. இதற்கு விடை தேடிய தமிழருள் தலையாய இருவரும் பள்ளி ஆசிரியர்களாக விளங்கியவர்கள் என்பது ஆசிரிய உலகம் மறக்கலாகாத செய்தியாகும்.

நாக்கு பேசும் விதம்

ஆர்மோனியம், சுருதிப்பெட்டி, மவுத் ஆர்கன் ஆகிய மூன்றும் ஒரு குலத்துக் கருவிகள். மெல்லிய உலோகத் தகடு ஒன்றின் ஒரு முனை ஒரு துளையின் ஓரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மறுமுனை கட்டின்றி நிற்கும். காற்று அத்துளை வழியே பாயும்போது தகடு முன்னும் பின்னும் அதிர்ந்து ஒலியெழுப்பும். இத்தகட்டை இசைவாணர் ரீடு என்பர். வாயினுள் அசையும் நாவைப் போன்றதாகலின் நாக்கு என்று கூறுதலும் பொருந்தும்.

இக்குலத்தின் பிறப்பிடம் ஆசியா. சீனரின் ஷெங் என்னும் கருவி மிகத் தொன்மை வாய்ந்தது. மலேசியச் சீன இசைக்குழுக்களில் அதனை இன்றும் காணலாம். சபா மாநிலத்துக் கடசான்டூசுன் மக்களின் சொம்போத்தான் அதன் உறவுக் கருவி. சுரைக்குடுக்கை ஒன்றில் எட்டு மூங்கிற் குழல்களைச் செருகி, தேன்மெழுகால் அடைத்து, ஏழு குழல்களுக்கு நாக்கு வைப்பர். எட்டாவது குழல் ஒலிப்பதில்லை. அக்கருவியைச் செய்பவரே தம் மக்களின் பாட்டுக்கேற்ப நாக்கைச் சீவிச் சுருதி சேர்ப்பார். கருவி செய்யும் கையும் கேட்கும் செவியும் ஒரே ஊரில் இருந்தன.

ஐரோப்பாவில் இந்நிலை மாறியது. 1780ஆம் ஆண்டளவில் கிராட்சன்ஸ்டைன் என்னும் அறிஞர் உயிரெழுத்துகளை ஒலிக்கும் பொறியொன்றில் இத்தகைய நாக்கைப் பயன்படுத்தினார். 1842இல் பாரிசு நகரத்து டிபேன் ஆர்மோனியத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1857இல் மத்தியாஸ் ஓனர், செருமனியின் டிராசிங்கன் நகரில் மவுத் ஆர்கன் தொழிலைத் தொடங்கினார். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட கருவிகள் கப்பலேறி உலகெங்கும் பரவின. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் கால்மிதி ஆர்மோனியத்தைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து வாசிக்கும் பெட்டியாக மாற்றியமைத்தார். பெட்டியின் வடிவம் இந்தியமாயிற்று. நாக்கின் அளவு ஐரோப்பியமாகவே நின்றது.

பதினான்கு சென்ட்டின் வழக்கு

அவ்வளவு யாது என்பதை எளிய கணக்கால் உணரலாம். ஆதார சட்சம் நொடிக்கு 240 அதிர்வுகள் கொண்டது என வைத்துக்கொள்வோம். மேல் சட்சம் அதன் இருமடங்கு, 480. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியை ஐரோப்பியர் பன்னிரண்டு சம கூறுகளாக்கினர். எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் பாட்டை மாற்றி வாசிக்க இயல வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1885ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர் பல நாட்டு இசையளவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, ஒவ்வொரு கூற்றையும் நூறு சென்ட் எனப் பகுத்து அளவுகோல் ஒன்று வகுத்தார். அதன்படி ஒரு தாயி 1,200 சென்ட் ஆகும்.

தம்புராவின் நாதத்தில் தானே தோன்றும் அந்தர காந்தாரம் சட்சத்திற்கு ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தில் நிற்கும். அதாவது 300 அதிர்வுகள், 386 சென்ட். ஆர்மோனியத்தின் காந்தாரமோ 400 சென்ட், ஏறத்தாழ 302.4 அதிர்வுகள். வேறுபாடு பதினான்கு சென்ட் மட்டுமே. எனினும் சட்சத்தோடு அதனைச் சேர்த்து ஒலித்தால் நொடிக்கு ஒன்பது பத்து முறை ஒரு நடுக்கம் செவியில் தட்டும். பஞ்சமத்தில் இவ்வேறுபாடு இரண்டு சென்ட்தான். அதனைச் செவி பொறுத்துக்கொள்ளும். காந்தாரத்திலும் தைவதத்திலும் பயின்ற செவி பொறுப்பதில்லை.

இதனினும் பெரியது மற்றொரு குறை. தமிழிசையில் சுரம் நின்ற இடத்திலேயே நிற்பதன்று. அசைந்தும் வழுக்கியும் அடுத்த சுரத்தைத் தொட்டு மீண்டும் பண்ணின் உருவைத் தீட்டுவது கமகம். கட்டையை அழுத்தினால் ஒலி, விட்டால் மௌனம் என்னும் பெட்டியில் கமகத்திற்கு இடமில்லை.

எதிர்ப்பும் ஏற்பும்

யாழ்ப்பாணத் தமிழ்க் குடியில் வந்த சர் முத்துக் குமாரசாமியின் மைந்தர் ஆனந்த குமாரசாமி, 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளிலேயே ஆர்மோனியம் இந்திய இசைக்குக் கேடு விளைப்பதைக் கண்டித்தார். பாரதியார் ‘சங்கீத விஷயம்’ என்னும் கட்டுரையில் இப்பெட்டி பரவும் ஊரில் இசையறிவு குன்றும் எனக் கடுமையாக எழுதினார். தாகூரும் இதனை விரும்பவில்லை. 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி பக்கவாத்தியமாக ஆர்மோனியம் வாசிப்பதற்குத் தடை விதித்தது. அத்தடை 1971 வரை நீடித்தது.

அறிஞர் விலக்கிய கருவியை மக்கள் விலக்கவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடை ஆர்மோனியம் இன்றி இயங்கியதில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும் குரலுக்கு உறுதியான துணை வேண்டியிருந்தது. சுருதி விலகாமல் பாடுதற்கும், நாட்கணக்கில் பழகாதவரும் வாசித்தற்கும், மழையிலும் பயணத்திலும் நரம்பு தளராமல் இருத்தற்கும் இக்கருவியே ஏற்றதாயிற்று. வீணையும் தம்புராவும் செல்லாத இடமெல்லாம் பெட்டி சென்றது. தோட்டத்துப் பாட்டாளிக்கு இசையாசிரியர் வாய்க்கவில்லை. ஒரு பெட்டி வாய்த்தது. அதனைப் பழித்தல் எளிது. அஃதின்றி அம்மக்களின் பாட்டு எவ்வாறு நிலைத்திருக்கும் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்பெட்டி தமிழ் மொழியிலும் ஒரு தடம் பதித்துவிட்டது. பாடகரின் சுருதியை ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று கூறுகிறோம். வெள்ளைக் கட்டைகள் முழு எண்ணையும் இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் அரை எண்ணையும் பெற்றன. மூன்றரைக் கட்டை என்று எவரும் கூறுவதில்லை. மூன்றாம் வெள்ளைக் கட்டைக்கும் நான்காம் வெள்ளைக் கட்டைக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது என்பதே காரணம்.

பரோடாவில் நிகழ்ந்த சோதனை

கருவியை விலக்குதல் ஒரு வழி. கருவியைத் திருத்துதல் மற்றொரு வழி. இரண்டாம் வழியை முதலில் மேற்கொண்டவர் ஓர் ஆங்கிலேயர் என்பது வியப்பிற்குரியது. பம்பாய் மாகாணத்தில் நீதிபதியாக விளங்கிய எர்னஸ்ட் கிளமென்ட்ஸ், சாங்கிலியைச் சேர்ந்த தேவல் என்பாருடன் கூடி, இருபத்திரண்டு சுருதிகளையும் ஒலிக்கும் ஆர்மோனியம் ஒன்றை இலண்டனில் செய்வித்தார். தம் நாட்டார் வகுத்த சம அளவைத் தள்ளி, இயற்கை விகிதங்களின்படி நாக்குகளை அராவிச் சுருதி சேர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1916ஆம் ஆண்டு பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. அங்கே இக்கருவி வித்துவான்கள் முன் வைக்கப்பட்டது. தேர்ந்த பாடகர்கள் தாம் பாடும் சுரங்கள் இவை அல்ல என்றனர். இருபத்திரண்டு நாக்குகளும் அவர்கள் தொண்டையைப் பிடித்துக் காட்டப் போதவில்லை.

அதே மாநாட்டில் தஞ்சையிலிருந்து சென்ற தமிழர் ஒருவர், இருபத்திரண்டு என்னும் எண்ணையே மறுத்தார். அவரே இராவ் சாகிப் மு. ஆபிரகாம் பண்டிதர். 1859ஆம் ஆண்டு தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் பிறந்தவர்; திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்; பள்ளியில் பணியாற்றியவர்; பின்னர்ச் சித்த மருத்துவத்தால் பெரும்புகழ் எய்தியவர். 1912ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டினார். தம் ஆராய்ச்சியை 1917ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலாக வெளியிட்டார். 1919ஆம் ஆண்டில் மறைந்தார்.

பண்டிதர் கைக்கொண்ட சான்று சிலப்பதிகாரமும் அதன் உரைகளும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் கூறப்பட்டுள்ளன. கூட்டினால் இருபத்திரண்டு. அடிப்படை அலகு இருபத்து நான்கே. வட்டப்பாலையில் இரண்டு அலகு குறைத்துப் பாடும் மரபினாலேயே இருபத்திரண்டு தோன்றியது என்பது பண்டிதர் துணிபு. பன்னிரண்டு இராசிகளில் சமமாக நின்ற சுரங்களை மீண்டும் இரண்டாகப் பகுத்து இருபத்து நான்கு சம சுருதிகளை அவர் நிறுவினார். பரோடா மாநாட்டிற்குத் தம் மகளிரையும் அழைத்துச் சென்று, வீணையாலும் பாட்டாலும் தம் கருத்தை விளக்கச் செய்தார்.

ஈண்டு வரலாறு காட்டும் முரண் கருதத்தக்கது. ஆங்கிலேயர் ஒருவர் ஐரோப்பிய அளவு இந்தியாவிற்கு ஆகாது என்றார். தமிழர் ஒருவர் சிலப்பதிகாரத்தின் வழியே சென்று, சமமான பன்னிரண்டு நம் முன்னோர் கண்டதே என்றார். அவர் கூற்று முற்றும் சரியாயின், ஆர்மோனியத்தின் பன்னிரண்டு நாக்குகள் தமிழர்க்கு அயலானவை அல்ல. பண்டிதர் முடிவை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை.

ஏற்காதாருள் ஒருவர் அவருக்குச் சற்றும் குறையாத தமிழாசிரியர். மட்டக்களப்பின் காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அறிவியல் கற்பித்து, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகத் திகழ்ந்தவர். 1947ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘யாழ் நூல்’, அதே சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து எளிய விகிதங்களின் வழியே பழந்தமிழ் நரம்புகளின் அளவைக் கணித்தது. அரங்கேறிய சில கிழமைகளில் அடிகள் இயற்கை எய்தினார். ஒரே நூலை ஆதாரமாகக் கொண்டு இரு ஆசிரியர் இரு வேறு சுருதி முறைகளைக் கண்டனர். எவ்வளவு முரண்பட்டாலும் ஒன்றில் இருவரும் ஒன்றுபட்டனர். கருவியின் அளவைக் கடையில் வாங்கிய பொருளாக ஏற்றுக்கொள்ளாமல், நம் நூலோடும் செவியோடும் வைத்து அளந்தறிய வேண்டும் என்பதே அது.

வயலின் காட்டிய வழி

அயல்நாட்டுக் கருவி தமிழிசைக்குப் பணிந்து வந்த வெற்றிக்கு வயலினே சான்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதில் வல்லவர். ஐரோப்பியர் நான்கு தந்திகளையும் ஒன்றுக்கொன்று பஞ்சமமாகச் சேர்ப்பர். நம் இசையாளர் முறுக்காணியைத் திருகிச் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் எனச் சேர்த்தனர். தரையில் அமர்ந்து, தோளிலிருந்து பாதத்திற்குத் தாங்கிப் பிடித்தனர். கருவியின் மரமும் தந்தியும் மாறவில்லை. சுருதி மாறியது, பிடி மாறியது. இன்று வயலின் இன்றிக் கச்சேரி இல்லை.

நாக்குக் கருவிக்கு முறுக்காணி இல்லை. ஆயினும் அதனைச் சுருதி சேர்க்க முடியாது என்பது பிழை. நாக்கின் நுனியை அராவினால் அதன் எடை குறைந்து சுருதி உயரும். அடியை அராவினால் வலிமை குறைந்து சுருதி தாழும். நுனியில் சிறு துளி ஈயம் பற்றவைத்தாலும் தாழும். ஆர்மோனியம் பழுதுபார்ப்போர் அன்றாடம் செய்யும் வேலை இதுவே.

நாற்பத்தெட்டு நாக்குகள்

இவ்வேலையைக் கற்பதற்கு மிகச் சிறந்த களம் குரோமேடிக் மவுத் ஆர்கன். பொதுவாக வழங்கும் இக்கருவியில் பன்னிரண்டு துளைகளும் நாற்பத்தெட்டு நாக்குகளும் உள்ளன. ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் ஒரு சுரம். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் இரண்டும் அரைச்சுரம் உயரும். ஊதும்போது ச, க, ப, ச. உறிஞ்சும்போது ரி, ம, த, நி. பொத்தானைத் தொடாமல் வாசித்தால் கிடைப்பது சங்கராபரணம். அதுவே ஐரோப்பியரின் முதற்பாடம்.

உலகெங்கும் வாசிப்போர் இவ்வமைப்பை மாற்றிப் பார்த்துள்ளனர். நியூசிலாந்தைச் சேர்ந்த பிரண்டன் பவர், அயர்லாந்து நாட்டுப் பாடல்களுக்கென மவுத் ஆர்கனில் ஒரு நாக்கை ஒரு முழுச்சுரம் உயர்த்தி அமைத்தமை யாவரும் அறிந்தது. வேறொரு முறையில் ஊதும் சுரங்களாகச் சட்சம், சாதாரண காந்தாரம், பிரதி மத்திமம், சதுசுருதி தைவதம் ஆகியவற்றை வைத்து, உறிஞ்சும் சுரங்களை ஒவ்வொன்றிற்கும் ஒரு முழுச்சுரம் மேலே வைப்பர். அதில் பன்னிரண்டு சுருதிகளில் எதனை ஆதாரமாகக் கொண்டாலும் மூன்றே வகையான மூச்சு முறைகள் போதும்.

தமிழிசை பயில்வார்க்கு முதற்பாடம் சங்கராபரணம் அன்று, மாயாமாளவகௌளை. அதற்கேற்ப இக்கருவியை மாற்றுவது எங்ஙனம்? ஒவ்வொரு தாயியிலும் உறிஞ்சும் ரிடபத்தையும் தைவதத்தையும் அரைச்சுரம் தாழ்த்தினால் போதும். அவற்றோடு இணைந்த பொத்தான் நாக்குகளும் அரைச்சுரம் தாழ வேண்டும். பின்னர்ச் சரளி வரிசை முழுவதையும் பொத்தான் தொடாமல் வாசிக்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண காந்தாரமும் கைசிகி நிடாதமும் கருவியை விட்டே போய்விடும். கரகரப்பிரியாவை அதில் வாசிக்க இயலாது. எந்தச் சுருதி அமைப்பும் ஒன்றைத் தந்து ஒன்றைப் பறிக்கும் என்னும் உண்மையை மாணவன் தன் கையாலேயே அறிந்துகொள்வான்.

ஆர்மோனியத்திற்கு இல்லாத ஒரு பேறு இச்சிறு கருவிக்கு உண்டு. நாக்கு வாசிப்பவரின் மூச்சுக்கு மிக அருகில் உள்ளது. வாயின் உட்குழிவை மாற்றி மூச்சை அடக்கினால் சுரம் சற்றே கீழே வளையும். காந்தாரத்தைப் பதினான்கு சென்ட் தாழ்த்த அரம் வேண்டா. செவியும் மூச்சும் போதும். கமகம் முழுவதும் கைவராது. அதன் நிழலேனும் கைவரும். கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்தில் மூச்சின் ஈரம் நாக்கிலும் அதன் மெல்லிய அடைப்பிலும் படிந்து ஒலியைத் தடுக்கும். வாசிக்குமுன் கருவியைக் கையில் பொத்திச் சூடேற்றிக்கொள்ளுதல் நலம்.

ஆசிரியர் கடன்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போருள் மிகப் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களை நாடிச் சென்றுவிட்டன. பஜனைப் பெட்டியை வாசித்த முதியோரோடு அவர்கள் பாடிய பாட்டும் மறையும் நிலை பல தோட்டங்களுக்கும் பொதுவானது. அப்பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து காப்பவர், ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மூதாட்டி ஒருத்தி பாடும் தாலாட்டை ஆர்மோனியக் கட்டைகளுக்கு அடக்கிச் சுரப்படுத்தினால், அவள் குரலில் வாழும் அளவு அங்கேயே அழிந்துவிடும். முதலில் அவள் பாடியபடியே பதிவு செய்தல் வேண்டும். அதன் பின்னரே சுரம் எழுதுதல் முறை.

சென்ட் அளவைக் காட்டும் கருவி இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையைக் கற்பிக்கும் ஆசிரியர், ஏழு மகளிர்க்கு ஏழு நரம்புகளின் பெயரிட்டு நிறுத்திய காட்சியைப் பொருள் கூறி முடித்துவிடாமல், குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவை ஒரு சுருதிப்பெட்டியின் துணைகொண்டு ஒலித்துக் காட்டலாம். கைக்கிளையை ஆர்மோனியத்திலும் ஒரு பாடகர் குரலிலும் மாறி மாறிக் கேட்கச் செய்து, வேறுபாட்டை மாணவர் அளந்தறியச் செய்யலாம். தமிழ்ப் பாடமும் அறிவியற் பாடமும் கணக்குப் பாடமும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூடும்.

பண்டிதரும் அடிகளும் பெரும்பொருளும் நெடுங்காலமும் செலவிட்டுச் செய்த ஆராய்ச்சி, நூலகத் தட்டில் வணங்கி வைத்தற்கு உரியதன்று. அவர்கள் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்து, கருவியில் சேர்த்துக் கேட்டு, ஒப்பவோ மறுக்கவோ துணியும் மாணவர் தோன்ற வேண்டும். அத்தகைய மாணவரைத் தமிழ்ப்பள்ளிகள் உருவாக்கும் நாளில், மலைத்தோட்டத்துப் பாட்டாளி கைக்காசு சேர்த்து வாங்கிய பெட்டி தமிழர் செவிக்கு உரிய கருவியாகிவிடும்.